குன்றத்தூர்ச் சேக்கிழார்

பல்லாவரத்தினின்றும் மேற்கு நோக்கிச் செல்லுஞ் சாலை குன்றத்தூரை அடையும். தாம்பரத்திற் பயிலும் மாணாக்கருட் பலர் அவ்வூரை அறிவர். அங்கு 12-ஆம் நூற்றாண்டில் தோன்றிய அருண்மொழித்தேவரை நினைப்பவர் சிலரே. சேக்கிழார் என்பது அவர்தம் குடிப்பெயர்.

இரண்டாம் குலோத்துங்க சோழன் அவரை அமைச்சராக்கி, உத்தமசோழப் பல்லவன் என்னும் பட்டமும் அளித்தான். சீவகசிந்தாமணியில் ஈடுபட்டிருந்த அவ்வரசனுக்குச் சிவனடியார் வரலாறுகளை எடுத்துரைத்து, பின்னர்த் தில்லை ஆயிரக்கால் மண்டபத்திலிருந்து பெரியபுராணம் பாடினார் என்பது மரபு.

படையும் திறையும் நாள்தோறும் எண்ணிய அமைச்சர், போரின் விலையைக் கண்டது திருவாமூரில் ஒரு வீட்டினுள். வாதாபியை வென்ற சிறுத்தொண்டரின் போரை மிகச் சுருக்கிவிடும் அவர், திலகவதியாரிடத்து நின்றுவிடுகின்றார். தந்தையும் தாயும் மறைந்தபின், மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் களத்தில் மடிந்தார் என்னுஞ் செய்தி வருகின்றது. உயிர்விடத் துணிந்த அந்நங்கை, தம்பி மருள்நீக்கியாரின் அழுகைக்காக உயிர் தாங்கினார். அத்தம்பியே பின்னாளில் திருநாவுக்கரசர்.

அரசன் ஆணையால் நாவுக்கரசர் நீற்றறையில் இடப்பட்டபோது, அவ்வெம்மையினுள் இளவேனிலையும் தென்றலையும் கொணர்கின்றார் சேக்கிழார். தமக்கை தாங்கிய உயிரன்றோ அது!

அவருக்குப்பின் அரசியற் பணி தம்பி பாலறாவாயரைச் சேர்ந்தது என்பர். சோணாட்டுத் திருநாகேச்சரத்தின்பாற் கொண்ட அன்பால் அவர் எடுப்பித்ததாகக் கூறப்படுங் கோயில், அப்பெயராலேயே குன்றத்தூரில் இன்றும் விளங்குகின்றது.