சாஸ்திர தானச் செம்மல் சாகு சாந்தி பிரசாத் ஜெயின்

ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் எனத் தானம் நால்வகைப்படும். முதல் மூன்றின் பயனைப் பெற்றவர் உடனே உணர்வர். நான்காவதன் பயனோ தலைமுறைகள் கடந்தும் விளங்கும். அந்நான்காம் தானத்திற்குத் தம் செல்வத்தை ஈந்தவர் சாகு சாந்தி பிரசாத் ஜெயின்.

1911இல் இன்றைய உத்தரப் பிரதேசத்து நஜீபாபாத் குடும்பத்தில் தோன்றிய அப்பெருந்தகை, சிமெண்டு, காகிதம், சர்க்கரை ஆகிய தொழில்களில் உயர்ந்து நின்றார். ஈட்டிய பொருளைப் பூட்டிவைக்க ஒருப்படாத அவர், 1944இல் துணைவியார் ரமா ஜெயினுடன் பாரதீய ஞானபீடத்தை நிறுவினார். ஏடுகள் செல்லரித்தால் அவற்றிலுள்ள அறமும் அழியும் என்பதே அவர்தம் கவலை. தாயார் மூர்த்தி தேவியின் பெயரால் அமைந்த நூல்வரிசையில், மூடபித்ரி ஓலைச்சுவடிகளில் உறங்கிய மகாபந்தம் 7 தொகுதிகளாக அச்சேறியது. நம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரின் சமயசார ஆங்கிலப் பதிப்பும் 1950இல் ஞானபீடத்திலிருந்தே வெளிவந்தது.

சமய எல்லை கடந்து, இந்திய மொழிகள் பலவற்றிற்கும் உரியதாக ஞானபீட விருதை அவர் அமைத்தார். 1965ஆம் ஆண்டிற்கான முதல் விருது மலையாளக் கவிஞர் சங்கர குருப்பைச் சேர்ந்தது. 1975இல் அகிலனின் சித்திரப்பாவையால் தமிழும் அப்பெருமையைப் பெற்றது. 1977இல் அவர் மறைந்தார், விருது நிலைத்தது.

கொண்டப்பநாயக்கன்பட்டி முதலாக எவ்வூரிலேனும் நம் இல்லத்துப் பரண்களில் முன்னோர் ஏடுகள் இருக்குமாயின், அவற்றைக் காத்து ஒப்படைத்தலே அவருக்கு நாம் செய்யும் மெய்யான அஞ்சலியாகும்.