இரவல் பாட்டும் சில நிமிட வீடியோவும்: யார் இந்த டிம் பக்லி?

கவர் சாங் என்றால் இன்றைக்கு யாருக்கும் விளக்கம் தேவையில்லை. இன்னொருவர் பாடிய பாட்டை எடுத்து, தன் பாணியில் பாடி, யூடியூபில் போட்டுவிட்டால் முடிந்தது. ஆனால், 1970-களில் ஒரு பாடகர் மேடையில் பாடியதைப் படம்பிடித்து வைப்பதே அபூர்வம். அப்படிப் பிழைத்துக் கிடைத்த ஒரு வீடியோதான் டிம் பக்லி பாடிய 'டால்பின்ஸ்'.

1974 மே மாதம், லண்டனில் பிபிசியின் 'ஓல்ட் கிரே விசில் டெஸ்ட்' நிகழ்ச்சிக்காக அதைப் பாடினார் இந்த அமெரிக்க ஃபோக் ராக் பாடகர். அப்போது அவருக்கு 27 வயது. அடுத்த 13 மாதங்களில் அவர் உயிரோடு இல்லை. சொந்தமாக ஒன்பது ஆல்பங்கள் போட்டவரை இன்றும் பலர் தேடிப் பார்ப்பது, அவர் எழுதாத இந்தப் பாட்டில்தான். ஏன்?

யார் இந்த டிம் பக்லி?

1947 பிப்ரவரி 14 அன்று வாஷிங்டனில் பிறந்தவர். நியூயார்க் மாகாணத்தில் ஆம்ஸ்டர்டாம் என்ற சிற்றூரில் சிறு வயது கழிந்தது. பிறகு குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியபோது இடது கையில் இரண்டு விரல்கள் உடைந்தன. அதனால் சில வழக்கமான கிடார் கார்டுகளை அவரால் பிடிக்க முடியாது. வேறு வழியில் பிடித்தார். அவருடைய கிடார் ஒலி தனியாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பள்ளித் தோழர் லாரி பெக்கெட் வரிகள் எழுத, டிம் மெட்டமைத்துப் பாடினார். 'தி டோர்ஸ்' குழுவின் பாடல்களை வெளியிட்ட எலெக்ட்ரா நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 1966 அக்டோபரில் முதல் ஆல்பம் வந்தபோது வயது 19.

அதன் பிறகு அவர் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. 1967-ல் வந்த 'குட்பை அண்ட் ஹலோ' அவரை ஃபோக் ராக் நட்சத்திரமாக்கியது. அதே மாதிரி இன்னும் நான்கு ஆல்பம் போட்டிருந்தால் வசதியாக இருந்திருக்கலாம். அவரோ ஜாஸ் பக்கம் போனார். 1970-ல் வந்த 'ஸ்டார்செய்லர்' ஆல்பத்தில் குரலையே ஒரு வாத்தியம் போல அலறவும் குழையவும் விட்டார். இன்றைக்கு அதைக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு விற்கவில்லை. 1972-ல் ஃபங்க், சோல் இசைக்குத் தாவினார். பழைய ரசிகர்கள் விலகினார்கள், புதியவர்கள் பெரிதாக வரவில்லை. பிபிசி ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது அவர் இருந்த நிலை இதுதான்.

'டால்பின்ஸ்' யாருடைய பாட்டு?

எழுதியவர் ஃப்ரெட் நீல். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதி காபி கிளப்களில் பாடிய மூத்த பாடகர், ஆழமான குரல்காரர். 1969-ல் வந்த 'மிட்நைட் கவ்பாய்' படத்தில் ஹாரி நில்சன் பாடிப் பிரபலமான 'எவ்ரிபடிஸ் டாக்கின்' பாட்டும் இவர் எழுதியதே. அதுவும் கவர்தான்!

புகழ் வந்த நேரத்தில் ஃப்ரெட் நீல் அதைவிட்டு விலகிப் போனார். 'ஃபிளிப்பர்' தொலைக்காட்சித் தொடருக்காக டால்பின்களைப் பழக்கிய ரிக் ஓ'பாரியுடன் சேர்ந்து, 1970-ல் டால்பின்களைக் காப்பதற்கான அமைப்பைத் தொடங்கினார். பாட்டில் எழுதியதை வாழ்க்கையிலும் செய்தவர் என்று சொல்லலாம்.

பாட்டின் விஷயம் எளிமையானது. உலகம் திருந்தப் போவதில்லை என்று சலித்த ஒருவர் கடலைப் பார்க்கிறார். பிரிந்துபோன ஒருவரை நினைக்கிறார். அந்த ஆளுக்கும் தன் நினைவு வருமா என்று யோசிக்கிறார். அவ்வளவுதான்.

டிம்முக்கு இது திடீரென்று தோன்றிய பாட்டு அல்ல. 1968 அக்டோபரில் லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் பாடியபோதே இதைப் பாடியிருக்கிறார். அந்தக் கச்சேரி 1990-ல்தான் 'டிரீம் லெட்டர்' என்ற ஆல்பமாக வந்தது. 1973-ல் 'செஃப்ரோனியா' ஆல்பத்திலும் இதைப் பதிவு செய்தார். இரண்டு லண்டன் பதிவுகளையும் அடுத்தடுத்து கேட்டால் வித்தியாசம் புரியும். 21 வயதில் டிரம்ஸே இல்லாமல், வைப்ராஃபோன் மினுமினுக்க, பாட்டு காற்றில் மிதக்கிறது. 27 வயதில் அதே பாட்டு தரையில் கால் ஊன்றி நிற்கிறது.

வீடியோ ஏன் இவ்வளவு அபூர்வம்?

அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம். ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் அதை அழித்து, அதே டேப்பில் வேறொன்றைப் பதிவு செய்வது சாதாரண நடைமுறை. பிபிசியே 1960, 70-களின் எத்தனையோ நிகழ்ச்சிகளை இப்படி இழந்திருக்கிறது. பின்னாளில் யாராவது கேட்பார்கள் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

அதிலும் டிம் பெரிய அளவில் விற்ற நட்சத்திரம் இல்லை. 1968 மார்ச்சில் 'தி மங்கீஸ்' தொடரின் கடைசி அத்தியாயத்தில் தனியாகக் கிடாருடன் பாடிய 'சாங் டு தி சைரன்', சில டிவி நிகழ்ச்சிகள், ஒரு திரைப்படக் காட்சி என விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் காட்சிப் பதிவுகள் மிஞ்சின. 2007-ல் அவற்றைத் தொகுத்து 'மை ஃப்ளீட்டிங் ஹவுஸ்' என்ற டிவிடி வெளியானது. 'டால்பின்ஸ்' அதில் இருக்கிறது.

13 மாதங்களில் முடிந்த கதை

1974 ஜூலையில் இங்கிலாந்தின் நெப்வொர்த் திருவிழாவில் பாடினார். அந்த ஆண்டே கடைசி ஆல்பம் வந்து, கவனிக்கப்படாமல் போனது. 1975 ஜூன் இறுதியில் டெக்சாஸின் டல்லாஸ் நகரில் ஒரு கச்சேரியை முடித்துவிட்டு கலிஃபோர்னியா திரும்பினார். ஜூன் 29 அன்று அளவுக்கு மீறி ஹெராயின் எடுத்ததில் உயிரிழந்தார். வயது 28.

மகன் கேட்ட தந்தை

டிம்மின் கதையில் மிகவும் கனமான பகுதி இனிமேல்தான். பள்ளிக் காலத்துக் காதலி மேரி கைபெர்ட்டை 1965-ல் திருமணம் செய்தார். ஓராண்டுக்குள் பிரிந்துவிட்டார்கள். முதல் ஆல்பம் வெளியான அடுத்த மாதம், 1966 நவம்பர் 17 அன்று, மகன் ஜெஃப் பிறந்தார். தந்தை அப்போது அங்கே இல்லை. ஜெஃப் தன் எட்டு வயதில், 1975 ஈஸ்டர் சமயத்தில், சில நாட்கள் தந்தையோடு இருந்தார். சேர்ந்து கழித்த காலம் அவ்வளவுதான். இரண்டு மூன்று மாதங்களில் டிம் இறந்தார். இறுதிச் சடங்கில் ஜெஃப் இல்லை.

1991 ஏப்ரல் 26 அன்று, புரூக்ளினில் உள்ள செயின்ட் ஆன்ஸ் தேவாலயத்தில் டிம் பக்லி நினைவுக் கச்சேரி நடந்தது. மேடையேறிய 24 வயது ஜெஃப் அப்போது யாருக்கும் தெரியாத பாடகர். தன்னையும் தாயையும் பிரிந்ததை வைத்து தந்தை எழுதிய பாட்டையே எடுத்துப் பாடினார். சண்டையும் சமாதானமும் சேர்ந்த கவர் அது.

பிறகு 1994-ல் 'கிரேஸ்' ஆல்பம் வந்தது. லெனார்ட் கோஹனின் 'ஹல்லெலூயா'வை ஜெஃப் பாடிய விதம் உலகம் முழுக்கப் பரவியது. மகனுக்கும் நிலைத்த பெயர் வாங்கித் தந்தது இன்னொருவர் எழுதிய பாட்டுதான். 1997 மே 29 அன்று மெம்ஃபிஸ் நகரில் ஆற்றில் மூழ்கி ஜெஃப் இறந்தார். அப்போது அவருக்கு வயது 30.

ஏன் இன்றும் பார்க்கிறார்கள்?

டிம்மின் பெயரும் பெரும்பாலும் மற்றவர்கள் வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போனது. 'சாங் டு தி சைரன்' பாட்டை 1983-ல் 'திஸ் மார்ட்டல் காயில்' குழுவுக்காக எலிசபெத் ஃப்ரேஸர் பாடினார். 2002-ல் ராபர்ட் பிளான்ட் பாடினார். அசலைத் தேடி வந்தவர்கள் டிம்மைக் கண்டுபிடித்தார்கள். தேடலில் அவர்களுக்குக் கிடைத்த சில வீடியோக்களில் ஒன்றுதான் இது.

ஆல்பங்களில் குரல் இருக்கிறது. ஆனால், மூச்சை எங்கே இழுக்கிறார், ஒரு வார்த்தையை நீட்டும்போது முகம் எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் ஆல்பம் காட்டாது. மகனுக்கு நேரில் கிடைத்தது சில நாட்கள். நமக்குக் கிடைத்திருப்பது சில நிமிடங்கள். யாரோ ஒரு டேப்பை அழிக்காமல் விட்டதால் அதுவாவது மிஞ்சியது.