விபூதிப் புதனில் உயிர் நீத்த அருளானந்தர்

அவர் அரண்மனையில் வளர்ந்தவர். பட்டு உடையும் அறுசுவை உணவும் அவருக்குப் பழக்கமானவை.

அவற்றை எல்லாம் உதறிவிட்டு, காவி உடுத்தி, கட்டாந்தரையில் படுத்து, தமிழ் மண்ணில் தபசியாக வாழ்ந்தார். அவர்தான் அருளானந்தர்!

நாற்பது நாள் தபசு

ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் 40 நாள் தபசு இருப்பார்கள். அது விபூதிப் புதன் அன்று தொடங்கும். அன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். இந்த உடல் ஒருநாள் மண்ணாகும் என்பதை அது நினைவூட்டும்.

அந்த நாட்களில் செய்ய வேண்டியவை மூன்று. தன் குற்றங்களை எண்ணிப் பார்க்கவேண்டும். எல்லோருடனும் கூடி ஜெபிக்கவேண்டும். ஒருசந்தி இருந்து, மிச்சமாவதை இல்லாதவர்களுக்குக் கொடுக்கவேண்டும்.

மற்றவர்களுக்கு இது 40 நாள். அருளானந்தருக்கோ வாழ்நாள் முழுவதும் தபசுதான்!

தாய் தடுத்தார்

அவருடைய இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி, போர்ச்சுக்கல் தலைநகர் லிஸ்பனில் பிறந்தார். சிறுவயதில் அரண்மனையில், இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக இருந்தார்.

1662-ல் ஏசு சபையில் சேர்ந்தார். இந்தியாவுக்குப் போகப்போகிறேன் என்றதும் தாய் துடித்தார், தடுத்துப் பார்த்தார். மகன் அசையவில்லை. 1673-ல் கப்பல் ஏறினார்.

மதுரையில் 1606-ம் ஆண்டிலேயே ராபர்ட் டி நொபிலி என்ற பாதிரியார் ஒரு வழி காட்டியிருந்தார். இந்த நாட்டு மக்கள் துறவியைத்தான் மதிப்பார்கள் என்று அவர் கண்டார். புலாலை விட்டார்; ஒரே வேளை உண்டார்; தமிழ் கற்றார். அப்படி வளர்ந்ததுதான் மதுரை மிஷன்.

அருளானந்தரும் அந்த மிஷனில் சேர்ந்தார். பண்டாரசாமியாக மாறினார். சோறு, காய்கறி, கீரை; இவ்வளவுதான் அவர் சாப்பாடு. ஊர் ஊராக நடந்தார். ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்தார்.

மன்னர் வேண்டினார்

1686-ல் மறவர் நாட்டில் அவரும் உபதேசியார்களும் பிடிபட்டார்கள். கடும் சித்திரவதை செய்யப்பட்டார்கள். ராமநாதபுரம் மன்னர் ரகுநாத சேதுபதி அவரை அழைத்து விசாரித்தார். தம் நாட்டில் இனி போதிக்கக் கூடாது என்று கூறி விடுதலை செய்தார்.

மிஷன் வேலையாக அருளானந்தர் ஐரோப்பா சென்றார். அப்போது போர்ச்சுக்கல் மன்னராக இருந்தவர், பழைய தோழர் பேதுருதான்! இங்கேயே இருந்துவிடு என்று மன்னர் வேண்டினார்.

ஏற்றிருந்தால் பதவியும் சுகமும் காத்திருந்தன. அருளானந்தரோ, தன்னை நம்பிய ஏழை மக்களை மறக்கவில்லை. திரும்பினால் ஆபத்து என்று தெரிந்தே 1690-ல் இந்தியாவுக்குத் திரும்பினார்.

ஓரியூர் மணல்மேடு

மறவர் நாட்டு இளவரசர் தடியத் தேவர் கொடிய நோயில் இருந்து குணம் அடைந்து, கிறிஸ்தவராக விரும்பினார். அவருக்குப் பல மனைவியர். ஒருத்தியோடுதான் வாழவேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் சம்மதித்தார், 1693-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அவள் மன்னரிடம் முறையிட்டாள். இரண்டே நாளில் அருளானந்தர் கைதானார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஓரியூருக்குக் கொண்டுபோகப்பட்டார்.

சிறையில் மை இல்லை. கரியை நீரில் குழைத்து, தம் தோழர்களுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். சாவை மகிழ்ச்சியோடு எதிர்பார்ப்பதாகத் தெரிவித்தார்.

பிப்ரவரி 4-ந் தேதி, பாம்பாற்றின் பக்கத்தில் மணல்மேட்டில் அவர் தலை வெட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 45.

அன்று என்ன நாள் தெரியுமா? விபூதிப் புதன்!

மற்றவர்கள் தபசைத் தொடங்கிய நாளில், அவர் தம் தபசை முடித்தார்.

1947-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி, போப் 12-ம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். மதுரைக்கு அருகே கருமாத்தூரில் உள்ள கல்லூரி, அருளானந்தர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஓரியூரில் மணல் சிவப்பாக இருக்கிறது. அவர் சிந்திய ரத்தமே அதைச் சிவக்கச் செய்தது என்பது மக்களின் நம்பிக்கை. பல மதத்தாரும் அங்கே வந்து கும்பிட்டு, ஒரு பிடி மண் எடுத்துப் போகிறார்கள்.

மிச்சம் இருப்பதைக் கொடுப்பது தருமம். அருளானந்தர் மிச்சம் எதுவும் வைக்கவில்லை. வீட்டைக் கொடுத்தார், நாட்டைக் கொடுத்தார், கடைசியில் உயிரையும் கொடுத்தார்.