நீரின் பிறப்பிடம் அறியச் செய்தவர்

ஏரி நிரம்பினால் கிணறு ஊறும் என்பது நம் கிராமங்களில் எல்லோரும் அறிந்ததே. ஆனால், ஊறிய நீரில் ஏரி தந்தது எவ்வளவு, மழை நேரடியாகத் தந்தது எவ்வளவு என்று கேட்டால், நீர்மட்டத்தை அளப்பதால் மட்டும் விடை கிடைத்துவிடாது. அதைத் தண்ணீரிடமே கேட்டறியும் முறைக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்டு யூரி. பள்ளியில் வேதியியல் கற்பித்த ஆண்டுகளில் அவர் பெயரை அணு உலைக்கான கனநீரோடு மட்டுமே சேர்த்துச் சொல்லிவந்தேன். அது பாதிக் கதைதான் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

1893-இல் இண்டியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த யூரி, ஆறு வயதில் தந்தையை இழந்தார். கிராமப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றிய பிறகே பல்கலைக்கழகம் சென்றார். முதலில் படித்தது விலங்கியல். 1923-இல் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் பயின்றார்.

1931-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, பிரிக்வெட், மர்ஃபி ஆகியோருடன் இணைந்து, இரு மடங்கு எடையுள்ள ஹைட்ரஜனான டியூட்டீரியத்தைக் கண்டறிந்தார். 1934-இல் நோபல் பரிசு கிடைத்தது. மகள் பிறக்கவிருந்த நேரம் என்பதால் பரிசளிப்பு விழாவுக்கு அவர் செல்லவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, அணுகுண்டுத் திட்டத்துக்காக யுரேனிய ஐசோடோப்புகளைப் பிரிக்கும் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். போர் முடிந்ததும் அணு ஆயுதங்களைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்று வாதாடினார். சிகாகோவுக்குச் சென்று, ஐசோடோப்புகளைப் பிரிப்பதை விட்டு, இயற்கை அவற்றை எவ்வாறு பிரிக்கிறது என்று ஆராயத் தொடங்கினார். 1947-இல் வெளியான அவரது கட்டுரை இத்துறையின் தொடக்கப் புள்ளி.

நீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறுகள் எளிதில் வெளியேறுகின்றன. கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் கொண்டவை ஏரியில் அதிகமாகத் தங்குகின்றன. வெயிலில் கிடந்த ஏரி நீர் இந்த அடையாளத்துடனேயே மண்ணுக்குள் இறங்குகிறது. பெய்தவுடன் நிலத்தில் ஊறிய மழைநீரில் அது இருப்பதில்லை. ஏரி, மழை, கிணறு மூன்றின் நீரையும் அளந்தால் கலப்பு விகிதத்தைக் கணக்கிடலாம். ஏரி நீரும் மழைநீரும் தெளிவாக வேறுபட்டிருந்தால் மட்டுமே இக்கணக்கு செல்லும்.

யூரியின் மாணவர் ஹார்மன் கிரெய்க், மழை, ஆற்று நீரில் இவ்விரு ஐசோடோப்புகளும் ஒரே நேர்கோட்டு உறவில் அமைவதையும், ஆவியான நீர் அக்கோட்டிலிருந்து விலகுவதையும் 1961-இல் எடுத்துக்காட்டினார். இன்று உலகெங்கும் நீரியலாளர்கள் கிணற்று நீரை அந்தக் கோட்டோடு ஒப்பிட்டே அதன் மூலத்தைத் தேடுகின்றனர்.

யூரி 1981-இல் மறைந்தார். நாம் ஏரிகளைத் தூர்வாருகிறோம், தடுப்பணைகள் கட்டுகிறோம். தேங்கிய நீர் நிலத்தடிக்குச் சென்றதா, வெயிலுக்கு இரையானதா என்பதை எத்தனை இடங்களில் சோதிக்கிறோம்? பணி தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரை இம்முறையில் ஆய்வு செய்வதைத் திட்டத்தின் ஒரு பகுதியாக்க வேண்டும். பயன் தராத இடத்தில் மீண்டும் மீண்டும் செலவிடுவதை அது தடுக்கும்.

ஒரே அறிவு அழிவுக்கும் உதவியது. கிணற்று நீரின் வரலாற்றைப் படிக்கவும் உதவுகிறது. இன்று வகுப்பெடுக்க நேர்ந்தால், யூரியின் பெயரை நான் கிணற்றிலிருந்தே தொடங்குவேன்.