எண்ணைக் கையில் தந்த அன்னை

பெரியகுளத்தில் நின்று வடக்கே நிமிர்ந்து பார்த்தால், மேகம் தவழும் கொடைக்கானல் மலை கண்ணுக்குத் தெரியும். மோட்டார் சாலை வருவதற்கு முன்பு, பெரியகுளத்துப் பக்கமிருந்துதான் குதிரையிலும் டோலியிலும் அம்மலைக்கு ஏறினார்கள். அந்த மலையில் 1942 முதல் 1944 வரை உலகப் புகழ்பெற்ற பெண்மணி ஒருவர் வாழ்ந்தார். அவரே டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார். மழலையர் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் அவர் பெயரை நாம் அடிக்கடி காண்கிறோம். ஆனால், ஒரு சிறு குழந்தைக்குக் கணக்கை எவ்வாறு கற்பிப்பது என்று அவர் உலகுக்குக் காட்டிய வழியை அறிந்தவர் நம்முள் சிலரே.

இத்தாலி நாட்டில் கியாரவால்லே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தை அரசு அலுவலர். தாய் நூல்கள் பல கற்றவர். அக்காலத்தில் நன்றாகப் படிக்கும் பெண்ணுக்குக்கூட ஆசிரியைப் பணி ஒன்றே வழி என்று எண்ணினார்கள். மரியாவுக்கோ கணிதத்தின் மீது தீராத ஆசை. நாடகம் பார்க்கச் சென்றபோதும் கணக்குப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் சென்றார் என்பர். பொறியியல் கற்க விரும்பி, ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மனம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது.

உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தபோது அவர் பட்ட துன்பம் கொஞ்சமன்று. ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்றார்கள். ஆகவே அவர்கள் சென்ற பிறகு, மாலை வேளையில், பிணங்கள் கிடந்த அறையில் தன்னந்தனியே நின்று படித்தார். 1896-ஆம் ஆண்டு பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

மருத்துவரானபின் அவர் கண்டது, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த குழந்தைகளை. அவர்களுக்கு வேண்டியது மருந்து மட்டுமன்று, நல்ல கல்வியே என்று உணர்ந்தார். தொட்டும் பிடித்தும் கற்கும் கருவிகளைக் கொடுத்துப் பொறுமையோடு கற்பித்தார். அக்குழந்தைகளுள் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதும் அதே தேர்வை எழுதித் தேறினார்கள். எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். அவரோ மகிழ்வதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டார். குறையுள்ள குழந்தைகளே இவ்வளவு கற்க முடியுமானால், குறையில்லாத குழந்தைகள் ஏன் பள்ளிகளில் பின்தங்கி நிற்கிறார்கள்? குறை குழந்தையிடமா, கற்பிக்கும் முறையிலா? அந்த ஒரு கேள்வியே அவருடைய வாழ்க்கையாயிற்று.

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், நாம் மூன்று ராஜாக்கள் திருநாள் என்று கொண்டாடும் அந்த நன்னாளில், உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைப் பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. பெற்றோர் கூலி வேலைக்குப் போனபின் கவனிப்பாரின்றித் திரிந்த ஐம்பது அறுபது குழந்தைகளே அங்குச் சேர்ந்தவர்கள். அங்குதான் கணக்குக் கல்விக்கு ஒரு புதிய பாதை பிறந்தது.

அந்தப் பாதை யாது? எண் முதலில் கைக்கு வரவேண்டும், பிறகு கண்ணுக்கு, கடைசியாகத் தாளுக்கு வரவேண்டும் என்பதே. பத்து சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை நீளமுள்ள பத்துக் கோல்களைக் குழந்தை வரிசையாக அடுக்கும். ஐந்து என்பது நான்கைவிட நீளம் என்று அதன் கையே சொல்லும். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எண்களை விரலால் தடவி எழுத்து வடிவம் பழகும். பூச்சியத்தைக் கற்பிக்க அம்மையார் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். பூச்சியம் தடவை என்னிடம் வா என்பார். குழந்தை ஓடிவரும். நீ ஒரு தடவை வந்துவிட்டாயே, நான் சொன்னது பூச்சியம் தடவை அல்லவா என்று சிரிப்பார். சற்று நேரத்தில் குழந்தைகள் அனைவரும் அசையாமல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றுமில்லை என்பதும் ஓர் எண்ணே என்பது விளங்கிவிடும்.

இவற்றுள் எங்கள் மனத்தை மிகக் கவர்ந்தவை பொன்னிற மணிகள். ஒரு மணி ஒன்று. கம்பியில் கோத்த பத்து மணிகள் ஒரு பத்து. பத்துக் கம்பிகளைச் சேர்த்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஆயிரம் என்றால் என்ன என்பதை ஐந்து வயதுக் குழந்தை இரு கைகளாலும் தூக்கிப் பார்த்து, அதன் கனத்தால் அறிந்துகொள்ளும்.

இங்கே எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொடக்கப் பள்ளியில் ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்கச் சொன்னார்கள். இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு, பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து என்று பாட்டுப் போலப் படித்தோம். கடன் வாங்கிய ஒன்று எப்படிப் பத்தாயிற்று? வாங்கிய கடனைத் திருப்பித் தரவே இல்லையே, ஏன்? எங்களுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை. விடை சரியாக வந்ததால் எவரும் கவலைப்படவுமில்லை. எங்களுள் சிலருக்குக் கணக்கின் மீது அச்சம் பிறந்தது அன்றைக்குத்தான். பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று யாரோ சொன்னபோது, ஆமாம் என்று அவர்கள் நம்பிவிட்டார்கள்.

அம்மையாரின் முறையில் அதே கணக்கு எப்படி நடக்கும் என்று பாருங்கள். குழந்தையின் முன் ஐந்து கம்பிகளும் இரண்டு உதிரி மணிகளும் இருக்கும். ஏழு உதிரி மணிகளை எடுக்கவேண்டும், ஆனால் இருப்பவை இரண்டே. உடனே குழந்தை ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு, மணிகள் வைத்திருக்கும் 'வங்கி'க்குப் போய்ப் பத்து உதிரி மணிகளாக மாற்றிவரும். இப்போது நான்கு கம்பிகள், பன்னிரண்டு மணிகள். ஏழு மணிகளையும் இரண்டு கம்பிகளையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருபத்தைந்து. இதில் கடன் எங்கே இருக்கிறது? இது சில்லறை மாற்றுவதுதானே! பெட்டிக்கடைக்குப் போய்ப் பத்து ரூபாய்த் தாளை மாற்றத் தெரிந்த எந்தச் சிறுமிக்கும் இது தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக்கியது கடன் என்ற ஒரு சொல்லே.

இவ்வளவு எளிய வழியை நமக்கு நேரில் கொண்டுவந்தவரும் அம்மையாரே. இத்தாலியை ஆண்ட முசோலினியோடு ஒத்துப்போக மறுத்ததால், அந்நாட்டில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. 1939-ஆம் ஆண்டு, அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, மகன் மாரியோவோடு சென்னை வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சியில் முந்நூறு பேருக்கு மேல் கற்றார்கள்.

சில மாதங்களில் சோதனை வந்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு தாயையும் மகனையும் பகைநாட்டார் என்று கருதியது. மாரியோ அகமத் நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றை விட்டு வெளியே போகக்கூடாது என்று ஆணையிடப்பட்டது. அவருடைய எழுபதாவது பிறந்த நாளில் வைஸ்ராய் மாரியோவை விடுதலை செய்தார். அந்த முதிய தாய்க்கு அதைவிட நல்ல பரிசு வேறு எது இருக்க முடியும்?

பின்னர் இருவரும் கொடைக்கானல் வந்தார்கள். போர் முடியும்வரை தாய்நாடு திரும்ப வழியில்லை. ஆயினும் அவர் சோர்ந்து உட்காரவில்லை. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன என்னும் ஆசிரியையின் துணையோடு, பல வயதுக் குழந்தைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கற்பித்தார். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களுக்கு, அதாவது தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு, என்ன கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்னும் அவருடைய திட்டம் இம்மலையில்தான் முழு உருப்பெற்றது. செடியும் பூச்சியும் கல்லும் நட்சத்திரமும் கணக்கும் ஒன்றோடொன்று உறவுடையவை என்று அக்குழந்தைகள் கற்றார்கள். உலகமெங்கும் பின்பற்றப்படும் ஒரு கல்வித் திட்டம், நம் பள்ளத்தாக்கின் தலைமேல் நிற்கும் மலையில் வளர்ந்தது என்பது நமக்குப் பெருமையல்லவா?

1946-இல் அவர் ஐரோப்பா திரும்பினார். மீண்டும் இந்தியா வந்து பணியாற்றினார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் மும்முறை முன்மொழியப்பட்டது. 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்து நாட்டின் நோர்ட்விக் என்னும் கடற்கரை ஊரில் இறைவனடி சேர்ந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறையில் துயில்கொள்கிறார்.

அவர் விதைத்த விதை நம் மாநிலத்திலும் முளைத்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் அவர் முறையின் சாயல் உண்டு. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் பொருள்களைக் கையில் கொடுத்தே சிறுவர்க்குக் கணக்குச் சொல்லித் தந்தது.

தோழியரே, போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் நம் தாய்மாரைப் பாருங்கள். எடையையும் கூலியையும் தாளின்றி எழுதுகோலின்றிக் காசு பிசகாமல் கணக்கிடுகிறார்கள். அவர்கள் பெற்ற மகளுக்குக் கணக்கு வராது என்று சொன்னால் நம்பலாமா? பொன்னிற மணி வாங்கப் பணம் இல்லாவிட்டாலும் புளியங்கொட்டைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. சென்ற விடுமுறையில் நாங்கள் பத்துப் பத்துக் கொட்டைகளைச் சிறு துணியில் முடிந்து, தெருவிலுள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்தோம். முடிச்சை அவிழ்த்தவுடன் ஒரு சிறுமி, அக்கா, இவ்வளவுதானா என்று கேட்டாள். அந்தச் சொல்லைக் கேட்டபோது எங்கள் நெஞ்சிலிருந்த பழைய முடிச்சும் அவிழ்ந்தது.

குறை குழந்தையிடம் இல்லை என்று கண்டு சொன்ன அன்னை மரியா மாண்டிசோரியின் புகழ் வாழ்க!