இரும்பின் களைப்பைக் கண்டறிந்த ஓகஸ்ட் வோலர்

அளவுக்கு மிஞ்சி ஏற்றினால், ஏற்றியது மயிற்பீலியே ஆயினும் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்பது வள்ளுவப் பெருந்தகை காட்டிய உண்மை. ஆனால் அளவோடு பாரம் ஏற்றிய வண்டியின் அச்சும் ஒரு நாள் முறிகின்றதே, அஃது ஏன்? இந்த வினாவுக்கு விடை காண்பதிலே தம் வாழ்நாளின் பல ஆண்டுகளைச் செலவிட்டவர் ஓகஸ்ட் வோலர் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர். பொறியியல் கற்போர் யாவரும் அவர் பெயரை அறிவர். பதுளைப் புகையிரதத்திலே ஏறி இறங்கும் நாமும் அவரை அறிந்திருத்தல் வேண்டும்.

வோலர் 1819ஆம் ஆண்டு ஜூன் 22ஆந் திகதி, ஹனோவர் நாட்டிலுள்ள சோல்ட்டாவ் என்னும் சிற்றூரிலே ஓர் ஆசிரியரின் மைந்தனாகப் பிறந்தார். ஹனோவர் நகரிலே தொழிற்கல்வி பயின்றபின், பேர்லினில் போர்சிக் என்பாரின் எஞ்சின் தொழிற்சாலையிலே வேலை பழகினார். பெல்ஜியத்துக்குப் போய் எஞ்சின் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஏட்டுப் படிப்போடு கரிப்புகையும் எண்ணெயும் பட்ட கை அவருடையது. 1847இல் ஓடர் நதிக்கரையிலுள்ள பிராங்பர்ட் நகரிலே, ஒரு புகையிரதப் பகுதியின் வண்டிகளுக்கும் தொழிற்பட்டறைக்கும் தலைவரானார்.

அக்காலத்திலே ஐரோப்பாவெங்கும் புகையிரத அச்சுக்கள் முறிவது பெருங்கவலையாக இருந்தது. 1842ஆம் ஆண்டு மே 8ஆந் திகதி, வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய வண்டியின் எஞ்சின் அச்சு முறிந்து, வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. பெட்டிகளின் கதவுகள் வெளியிலே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். முறிந்த அச்சுக்களை உற்றுப் பார்த்தவர்கள், முறிவிலே கற்கண்டுபோலப் பளபளக்கும் மணிகளைக் கண்டு, நார்போல் இருந்த இரும்பு ஓட்டத்தின் அதிர்ச்சியாலே படிகமாக மாறிவிட்டதென்று எண்ணினார்கள். ரங்கின் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் மட்டும் 1843இலேயே அதனை ஒப்பவில்லை. அச்சின் தடிப்பு சட்டென்று மாறும் மூலையிலே சிறு வெடிப்புத் தோன்றி, நாளுக்கு நாள் உள்ளே ஊர்ந்து செல்கின்றது என்பது அவர் கொள்கை.

வோலர் வாதம் புரியவில்லை, அளக்கத் தொடங்கினார். ஓடும் வண்டியின் அச்சு எவ்வளவு வளைகின்றது என்பதை நாகத் தகட்டிலே கீறிக் காட்டும் கருவியொன்றை அமைத்து, பிரஸ்லோவுக்கும் பேர்லினுக்கும் இடையே வண்டிகளை ஓடவிட்டார்.

இங்கே நம் பாதையை நினைத்துப் பார்ப்போம். கொழும்பிலிருந்து பதுளை ஏறக்குறைய 290 கிலோமீற்றர். சக்கரத்தின் சுற்றளவு மூன்று மீற்றர் என்று கொண்டால், ஒரு பயணத்திலே அச்சு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுழல்கின்றது. பாரத்தினால் அச்சு சிறிதே வளைகின்றது. சுழலும்போது அதன் மேற்பரப்பின் ஒவ்வொரு பகுதியும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை இழுபட்டு, ஒரு தடவை நெருக்குண்ணுகின்றது. பட்டிப்பளை ஏற்றத்திலும் தெமோதரை வளையத்திலும் இந்த இழுப்பும் நெருக்கமும் ஓயாது நடந்துகொண்டேயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத வேலை!

இதனையே வோலர் பட்டறையிலே நடத்திக் காட்டினார். உலோகத் தண்டுகளைப் பாரத்தோடு இரவு பகலாகச் சுழற்றும் யந்திரங்களைத் தாமே அமைத்து, 1870 வரையில் சோதனைகளைத் தொடர்ந்தார். சில தண்டுகள் கோடிக்கணக்கான சுழற்சிகளைக் கண்டன. எத்தகைய பொறுமை வேண்டும் இதற்கு! அவர் கண்டவை இவை: ஒரே தடவையில் இரும்பை முறிக்கமாட்டாத பாரமும், மாறி மாறி வந்தால் முறித்துவிடும். மிக அதிக இழுப்பைக் காட்டிலும், இழுப்புக்கும் நெருக்கத்துக்கும் இடையிலுள்ள வீச்சே முக்கியமானது. இரும்பு, உருக்கு ஆகியவற்றுக்கு ஓர் எல்லையுண்டு. அதற்குக் கீழே எத்தனை தடவை வளைந்தாலும் முறிவில்லை. கூரிய மூலை அச்சுக்குப் பகை. அதை உருட்டி வளைவாகக் கடைந்தால் ஆயுள் நீளும். நம் தேயிலைத் தொழிற்சாலைகளிலே யந்திரத் தண்டு முறிந்தால், முறிந்த இடம் பெரும்பாலும் தடிப்பு மாறுமிடமாகவே இருப்பதைத் தொழிலாள அன்பர்கள் கவனிக்கலாம்.

களைப்பிலே இன்னொரு வகையும் உண்டு. கட்டுக்கம்பியை வெட்டக் குறடு இல்லாதபோது நாம் என்ன செய்கின்றோம்? முன்னும் பின்னும் பலமாக மடக்குகின்றோம். பத்து இருபது தடவையிலே அறுந்துவிடுகின்றது. அங்கே கம்பி ஒவ்வொரு மடக்கிலும் தன் உருவை நிரந்தரமாக மாற்றிக்கொள்வதால், ஆயுள் மிகக் குறுகிவிடுகின்றது. வோலரின் ஆராய்ச்சியைத் தொடர்ந்த மியூனிக் பேராசிரியர் பௌஷிங்கர், ஒரு புறம் இழுத்து நிரந்தரமாக நீட்டிய உலோகம் மறுபுற நெருக்கத்துக்கு எளிதில் இணங்கிவிடுவதை 1880களிலே கண்டார். 1954இல் அமெரிக்காவிலே கொஃபின், மான்சன் என்னும் இருவர் தனித்தனியே இந்தக் குறைந்த சுற்றுக் களைப்பின் விதியை வகுத்தனர். நிலநடுக்கத்திலே கட்டடங்களின் உருக்குக் கம்பிகள் அறுவதும் இவ்வகையே. தமிழ்நாட்டிலே மாமல்லபுரத்துக்கு அணித்தான கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தார், உலையை மூட்டும்போதும் அணைக்கும்போதும் சூடேறிக் குளிரும் உருக்குகளை இந்த முறையிலேயே சோதித்து வருகின்றனர்.

வோலர் தம் முடிவுகளை வெறும் அட்டவணைகளாகவே வெளியிட்டார். அவற்றைக் கோடாக வரைந்தவர்கள் பின்வந்தோர். அந்தக் கோட்டுக்கு இன்று அவர் பெயரே வழங்குகின்றது. இரும்பையும் உருக்கையும் தரம் பிரித்து, அரசாங்கத்தின் மேற்பார்வையிலே சோதிக்க வேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார். விற்பவர் சொல்லை நம்பி அச்சு வாங்கிய காலத்திலே இது துணிவான பேச்சு என்றே எமக்குத் தோன்றுகின்றது. 1874 முதல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலிருந்து அல்சாஸ்–லொரேன் புகையிரதங்களை நிர்வகித்து, 1889இல் ஓய்வு பெற்றார்.

1914ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் திகதி, தமது 94ஆவது வயதிலே, ஹனோவரில் அவர் காலமானார். அப்போது நம் மலைநாட்டுப் பாதை பண்டாரவளையைத் தாண்டிப் பதுளைக்கு வந்து சேரவில்லை. முதற் புகையிரதம் பதுளை நிலையத்துக்கு வந்தது பத்தாண்டுகள் கழித்து, 1924இல்.