விண்கல்லுக்காக வழக்குரைத்தவர்

வானத்திலிருந்து கல் விழக் கண்டேன் என்று உழவன் ஒருவன் உரைத்தால், அதனைப் பாமரனின் பிதற்றல் எனக் கற்றோர் ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பாவையே குறிப்பிடுகிறோம். அக்காலத்தில் உழவனின் பக்கம் நின்றவர் எர்ன்ஸ்ட் கிளாட்னி ஆவார்.

1756ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் சட்டப் பேராசிரியர், கண்டிப்பு மிக்கவர். அவர்தம் விருப்பிற்கிணங்க லைப்சிக் நகரில் சட்டம் பயின்று 1782இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே தந்தையார் மறைய, மைந்தர் தம் உள்ளம் நாடிய அறிவியலுக்கு வந்து சேர்ந்தார். உலோகத் தகட்டின்மேல் மணல் தூவி, விளிம்பை வில்லால் மீட்டி, ஒலியைக் கோலங்களாகக் கண்ணுக்குக் காட்டிய அவர்தம் புகழ் அறிவியல் மாணவர் அறிந்ததே. ஆயினும் பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. ஊர் ஊராகச் சென்று விரிவுரையாற்றியே வாழ்ந்தார்.

1793இல் கோட்டிங்கன் நகரில் லிச்டன்பர்க் என்னும் அறிஞருடன் உரையாடுகையில் வானில் தோன்றும் தீக்கோளங்கள் பற்றிப் பேச்சு எழுந்தது. உடனே அந்நகர நூலகத்துள் புகுந்து பழம்பதிவுகளைத் துருவலானார். நாட்டாலும் காலத்தாலும் வேறுபட்ட, ஒருவரையொருவர் அறியாத சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்லக் கண்டார். தந்தையார் வற்புறுத்திக் கற்பித்த சட்டம் இங்கே கைகொடுத்தது என்றே கருதுகிறோம்.

சைபீரியாவில் பல்லாஸ் என்பார் 1772இல் கண்டு உலகிற்கு அறிவித்த இரும்புப் பாறை ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ளது. அதனை உருக்கியிருக்கக்கூடிய உலையோ எரிமலையோ அவ்விடத்தில் இல்லை. அது விண்வெளியிலிருந்து வந்ததே என 1794இல் வெளியிட்ட நூலில் கிளாட்னி நிறுவ முற்பட்டார். கோளாகத் திரளாமல் எஞ்சிய பொருளோ, உடைந்த கோளின் சிதறலோ இவ்வாறு வந்து விழலாம் என்பது அவர் கருத்து. முதற் சிறுகோளாகிய சீரிஸ், பியாசியின் கண்ணில் பட்டது 1801இல்தான் என்பதை இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும்!

கற்றோர் நகைத்தனர். கற்களோ தொடர்ந்து விழுந்தன. 1794இல் இத்தாலியின் சியன்னாவிலும், 1795இல் இங்கிலாந்திலும், 1798இல் நம் நாட்டுக் காசியின் அருகிலும் விழுந்தன. இவற்றை ஆய்ந்த ஆங்கில வேதியியலறிஞர் ஹோவர்டு, எங்கெங்கோ விழுந்த கற்களிலும் நிக்கல் கலந்திருப்பதை 1802இல் வெளியிட்டார். மறு ஆண்டு பிரான்சின் லெய்கிள் ஊரில் ஆயிரக்கணக்கான கற்கள் பொழிந்தன. அவற்றைப் பியோ நேரிற் சென்று ஆராய்ந்தபின் மறுப்போர் அருகினர். (1621இல் ஜலந்தர்ப் பகுதியில் விழுந்த இரும்பைக் கொண்டு வாள் செய்வித்ததை ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியே வைத்திருக்கிறார். ஐரோப்பியர் அதனைப் படித்திருக்கலாம்.)

1827 ஏப்ரல் 3ஆம் நாள் பிரஸ்லாவ் நகரில் கிளாட்னி மறைந்தார். அரிதின் திரட்டிய விண்கற்களைப் பெர்லின் பல்கலைக்கழகத்திற்கு விட்டுச் சென்றார்.

சிறுகோளின் நிறையைப் பருமனால் வகுத்து அடர்த்தியை இன்று கணிக்கின்றனர். வெஸ்டாவுக்கு அது நீரைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. இடோகாவாவுக்கு இரு மடங்கினும் சற்றுக் குறைவு. 2010இல் ஜப்பானிய விண்கலம் இடோகாவாவிலிருந்து கொணர்ந்த துகள்கள் மண்ணில் விழும் கல்வகை விண்கற்களோடு ஒத்திருந்தன. அக்கற்களின் அடர்த்தியோ நீரினும் மும்மடங்கிற்கு மேல். எனவே அச்சிறுகோள் கெட்டிப் பாறையன்று. நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பங்கு இடைவெளி கொண்ட கற்குவியல் எனத் தெளிந்தனர். உலோகம் மிகுந்ததெனக் கருதப்படும் சைக்கி என்னும் சிறுகோளை நோக்கி 2023 அக்டோபரில் விண்கலம் ஒன்று புறப்பட்டுள்ளது.